முப்பத்தெட்டுச் சோடிச் சப்பாத்தும் தங்கமுத்துவின் காலும்

தங்கமுத்து வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அவளுக்கு ஒரு சோடிச் சப்பாத்துக் கொடுத்தார்கள். கொடுத்துப் பத்து நிமிஷத்தில் திருப்பியும் வாங்கிவிட்டார்கள். இடையில் ஒரு படம் எடுத்தார்கள். அந்தப் படம் கொழும்பில் ஏதோவொரு கோப்புக்குள் இன்றைக்கும் கிடக்கும். அதில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாளாம். சிரிக்காமல் என்ன செய்வாள்? நாற்பத்தாறு வயதில் முதன்முதலாகக் காலில் சப்பாத்து ஏறியிருக்கிறது.

அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. தங்கமுத்துவுக்குச் சொந்த இடம் வெருகல் பக்கம். புருஷன் கடலோடு போய்ப் பன்னிரண்டு வருஷம். அதற்குப் பிறகு ஷெல்லுக்கு ஓடி, முகாமுக்கு ஓடி, கடைசியில் திருகோணமலைக்கு வந்து பாலையூற்றில் ஒரு வளவின் மூலையில் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தாள். மாவிடிப்பாள், மீன் காயவைப்பாள், கல்லுடைப்பாள். எந்த வேலைக்கும் அவள் மாட்டேன் என்று சொன்னதில்லை. சண்டைக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. தண்ணீர் வரிசையில் அவளுக்கு முன்னால் வாளியை நுழைத்தவர்கள் இரண்டாந்தரம் நுழைக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் அரசாங்கம் ஓர்ஸ் ஹில்லிலிருந்து கந்தளாய் வீதி நெடுக நிலத்துக்குக் கீழே கண்ணாடி வயர் புதைக்கத் தொடங்கியது. அதற்குள்ளால் இன்ரநெற் மின்னல் வேகத்தில் ஓடும் என்றார்கள். மேலே மனிதர் ஓடுவதற்கே ஏழு இடத்தில் அடையாள அட்டை காட்டவேண்டிய காலம். கீழே ஏதாவது தடையில்லாமல் ஓடினால் நல்லதுதானே என்று சனம் பேசாமல் இருந்தது.

தனியார் ஒருவர் தன் காசில் கிடங்கு வெட்டினால் வேலையாள் எப்படி விழுந்தாலும் அது அவன் தலைவிதி. அரசாங்கக் காசு என்றால் அப்படியில்லை, விழுவதற்கும் விதி இருக்கிறது. அந்த விதிகளெல்லாம் அறுபத்துநான்கு பக்கத்தில் ஒரு புத்தகமாக வந்திருந்தன. நல்ல புத்தகம், நான் பகிடிக்குச் சொல்லவில்லை. வேலையாளுக்குச் சப்பாத்து, தொப்பி, குடிதண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி, காயப்பட்டால் சம்பளத்தோடு லீவு. படித்துப் பார்த்தால் அடுத்த பிறவியில் கிடங்கு வெட்டப் பிறக்கலாம் என்று ஆசை வரும். விதிகளைக் கவனிப்பதற்கென்றே ஒருவரை நியமித்தார்கள். அவர்தான் காசிநாதர். முப்பது வருஷம் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு கடதாசியை அவர் கையில் கொடுத்தால் அதற்கு மூன்று பிரதி எடுக்காமல் அவருக்கு நித்திரை வராது.

முதலாவது சிக்கல் சப்பாத்திலேயே வந்தது. ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் ஒரு சோதனைச் சாவடி. முதல்நாள் வேலையாட்கள் முப்பத்தெட்டுப் பேரும் புதுச் சப்பாத்தும் கையுமாக, இல்லை, காலுமாக இறங்கி வந்தார்கள். சாவடி அதிகாரி அவர்களை மறித்துக் காசிநாதரைக் கூப்பிட்டார்.

"ஒரே மாதிரிச் சப்பாத்துப் போட்ட முப்பத்தெட்டுப் பேர், கையில அலவாங்குக் கம்பியோட, வரிசையா றோட்டால போனா, அடுத்த சாவடியில நிக்கிற பொடியங்கள் என்னெண்டு நினைக்கிறது? முதல்ல சுட்டுப்போட்டுத்தான் பிறகு கேப்பாங்கள்."

அந்தக் காலத்தில் அது நியாயமான கேள்வி. கொழும்பிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தால் சப்பாத்தோடு விடலாம் என்று முடிவாயிற்று. காசிநாதர் எழுதினார். மாதிரிக்கு ஒரு சப்பாத்து அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. அனுப்பினார். சப்பாத்துக்கு இரண்டு கால் உண்டு, மற்றதையும் அனுப்பவும் என்று இன்னொரு பதில் வந்தது. அதையும் அனுப்பினார். எட்டு வாரம் கழித்து இரண்டும் திரும்பி வந்தன, கடிதம் மட்டும் வரவில்லை. அதுவரைக்கும் சப்பாத்துகள் ஓர்ஸ் ஹில் களஞ்சியத்தில் பூட்டிக் கிடக்கட்டும் என்றார்கள். பூட்டிக் கிடக்கிற அரசாங்கச் சொத்துக்குக் காவலாளி வேண்டும் என்று இன்னொரு விதி சொல்லிற்று. காவலாளியும் வந்தார். வேலையாட்கள் றப்பர் செருப்போடு கிடங்குக்குள் இறங்கினார்கள். சப்பாத்துகள் நிழலில் காவலோடு இருந்தன.

முதலுதவிப் பெட்டியும் அப்படித்தான். பெட்டி புத்தம்புதிது, பூட்டின் திறப்பு காசிநாதரின் பையில். திறந்தால் பஞ்சு குறையும். குறைந்தால் ஏன் குறைந்தது என்று எழுதவேண்டும். எழுதினால் விபத்து நடந்ததாகிவிடும். விபத்து என்ற சொல்லைக் கேட்டாலே காசிநாதருக்கு நெஞ்சு அடைக்கும்.

காரணம் அந்தப் பலகை. கிடங்கோரத்தில் ஒரு கறுப்புப் பலகை நட்டு, 'விபத்து இல்லாமல் கழிந்த நாட்கள்' என்று எழுதி, ஒவ்வொரு காலையும் காசிநாதர் சோக்கால் ஒரு நாளைக் கூட்டுவார். நூற்றைம்பது நாள் நிறைந்தால் வேலையாட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ரைஸ் குக்கர். ஒரே ஒரு விபத்து நடந்தாலும் பலகை பூச்சியத்துக்குப் போய்விடும். முப்பத்தெட்டுப் பேரில் பாதிப்பேரின் வீட்டில் கரண்ட் இல்லை. ஆனாலும் எல்லாரும் அந்தக் குக்கரையே கனவு கண்டார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள், இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு ஓடி வந்து பார்க்கவேண்டும். பிறகு சிரிக்கட்டும்.

நூற்றுப் பதினெட்டாம் நாள். கிடங்கு கல்லுத்தரையில் போய்க்கொண்டிருந்தது. தங்கமுத்து ஓங்கிப் போட்ட மண்வெட்டி கல்லில் பட்டு வழுகி இடது காலின் விரல்களுக்குமேல் இறங்கிற்று. செருப்பின் வாரும் போய்விட்டது. பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த புஷ்பவதி ஐயோ என்றாள். வேலையாட்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்தினார்கள். அவர்களில் பாதிப்பேர் தங்கமுத்துவின் காலைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தார்கள்.

கூட்டத்துக்குத் தலைவர் அலியார், குறிஞ்சாக்கேணிக்காரர். அவர்தான் கிடங்குக்குள் குதித்து, தன் தோளில் கிடந்த துண்டைக் கிழித்து, குடிக்க வைத்திருந்த கோப்பித்தூளை அள்ளி அப்பிக் காலைக் கட்டினார்.

"ஐயா, அந்தப் பெட்டியத் துறங்க," என்றார்.

காசிநாதர் பையில் கையை விட்டார். கை உள்ளேயே நின்றுவிட்டது. "துறக்கலாம் அலியார். துறந்தா எழுதவேணும்," என்றார்.

புஷ்பவதிதான் மெல்லத் தங்கமுத்துவின் பக்கத்தில் குந்தினாள். அவள் மூன்று பிள்ளைகளின் தாய்.

"அக்கா, என்ர வீட்டுக்குப் புதுசா ஒரு சாமான் வந்து பதினெட்டு வருஷம். நான் உங்களக் கேக்க மாட்டன். ஆனா சொல்லிப்போட்டன்."

தங்கமுத்துவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் புஷ்பவதியின் மேலா, மண்வெட்டியின் மேலா, ஓர்ஸ் ஹில்லில் நோகாமல் இருக்கிற சப்பாத்தின் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. முப்பத்தேழு முகத்தையும் ஒருதரம் பார்த்தாள். "வீட்டில பட்டதெண்டு சொல்லுறன். ஆராவது என்னைக் கொண்டுபோய் விடுங்கோ," என்றாள். காசிநாதரின் கை பையிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் காயத்தோடு போவதென்றால் முதலில் வாசலில் இருக்கிற பொலிசுக்குக் கதை சொல்லவேண்டும். எந்தக் காயம், எங்கே, எப்படி. காலில் காயம் என்றால் இன்னும் இரண்டு கேள்வி கூட. வீட்டில் எதற்கு மண்வெட்டி என்று கேட்டார்கள். வாழை வைக்கக் கிடங்கு வெட்டினேன் என்றாள். எத்தனை வாழை என்றார்கள். நாலு என்றாள். அரசாங்கத்துக்காகக் காலை வெட்டிக்கொண்டவள் இல்லாத நாலு வாழைக்காக வெட்டிக்கொண்டதாக எழுதிக் கையெழுத்தும் வைத்தாள். டொக்டர் தைத்தார். இரத்தத்தைச் சோதித்துச் சீனி வருத்தம் இருக்கிறதென்றார். மூன்று வாரத்துக்குக் காலை நிலத்தில் ஊன்றக்கூடாதென்றார்.

ஊன்றாமல் எப்படி? விதிப் புத்தகத்தில் இன்னொரு பக்கம் இருந்தது. வேலையாள் மூன்று நாளுக்கு மேல் வராவிட்டால் வீட்டுக்குப் போய் விசாரிக்கவேண்டும். விசாரித்தால் கால் தெரியும், கால் தெரிந்தால் பலகை போகும். ஆகவே அலியார் ஒவ்வொரு காலையும் பாலையூற்றுக்குத் தன் மோட்டார் சைக்கிளில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்க் கிடங்கோரத்தில் நிழலுக்குக் கட்டியிருந்த தறப்பாளின் கீழே இறக்குவார். அவள் காலைப் பொலித்தீன் பையால் சுற்றிக்கொண்டு தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் இருப்பாள். தண்ணீர் கொடுப்பதற்குத் தனியாக ஒருவர் வேண்டும் என்ற விதி அதுவரை நிறைவேறாமல் இருந்தது. இப்போது நிறைவேறிற்று. காசிநாதர் அதற்கு நேரே சரி போட்டுக்கொண்டார்.

புண் சரி போட்டுக்கொள்ளவில்லை. நூற்று முப்பத்தொன்பதாம் நாள் தறப்பாளுக்குள் ஒரு நாற்றம். அலியார் வேலையை விட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, இன்றைக்கே வார்ட்டில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் விரல் போகும், விட்டால் காலே போகும் என்றார். தங்கமுத்து வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தாள். வீட்டில் சொல்வதற்கு யாரும் இல்லை.

"தங்கச்சி, குக்கர் கிடக்கட்டும். ஒண்ட கால் போனா ஆரு தருவா? நீ போய் நில்லு. அவங்களோட நான் கதைக்கன்," என்றார் அலியார்.

"இன்னும் பதினொரு நாள்தானே நானா."

"பதினொரு நாளில என்ன நடக்கும் தெரியுமா?"

"இப்ப போய் நிண்டா என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும். பொய் சொன்னவள் எண்டு பேரையும் வெட்டுவினம், எல்லாற்ற குக்கரும் போகும். நாளைக்கு நான் ஆற்ற முகத்தில முழிக்கிறது?"

இதைத் தியாகம் என்று யாரும் மாலை போடவேண்டாம். அவளுக்குப் பயம். ஊரை விட்டு வந்த இடத்தில் முப்பத்தேழு பேருக்கு ஆகாதவளாகி எங்கே போய் இருப்பாள்? சுகமான காலுள்ள நமக்குத் தைரியம் சொல்லிக்கொடுப்பது லேசு.

நூற்றைம்பதாம் நாள் ஓர்ஸ் ஹில் அலுவலக முற்றத்தில் பந்தல். கொழும்பிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். கெட்டவர் இல்லை. இந்த விதிகளால் அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவு கூடுகிறது, அதனால் என்ன பலன் என்று ஆராய்ச்சி செய்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. வரவுப் புத்தகத்தைப் பார்த்தார். ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வந்தவர் ஒரே ஒருவர். அவரைத்தான் முதலில் கூப்பிட்டு மரியாதை செய்யவேண்டும் என்று பிடியாக நின்றார்.

களஞ்சியம் திறந்தது. முப்பத்தெட்டுப் பேருக்கும் சப்பாத்து வந்தது. எல்லாம் ஒரே அளவு, எட்டாம் நம்பர். தங்கமுத்துவின் வலது கால் அதற்குள் நீந்தியது. இடது கால் கட்டோடு வீங்கிப் போய் நுழைய மறுத்தது. புஷ்பவதி முழங்காலில் இருந்து அழுதுகொண்டே தள்ளினாள். கடைசியில் நுழைந்தது. தங்கமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு இருபது எட்டு நடந்து மேடைக்குப் போனாள். எல்லாரும் கை தட்டினார்கள். அலியார் தட்டவில்லை.

ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று மேடம் ஆங்கிலத்தில் கேட்டார். காசிநாதர் தமிழில் கேட்டார்.

"கால் நோகுது. என்னை இருக்க விடுங்கோ," என்றாள் தங்கமுத்து.

காசிநாதர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவள் சொன்னதைவிட நாலு மடங்கு நீளமாக இருந்தது. மேடத்தின் கண் கலங்கியது. இரண்டு கையாலும் தங்கமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் எடுத்தார்கள். இந்தப் படத்தில் அவள் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரமே அவள் வார்ட்டில். அடுத்த நாள் இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது.

அதற்கு மறுநாள் காசிநாதர் வந்தார். கையில் தோடம்பழப் பை, கக்கத்தில் கோப்பு. கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனுஷனுக்கு மனச்சாட்சி இருந்தது. முப்பது வருஷமாகக் கோப்புக்கு அடியில் கிடந்ததால் எழும்ப நேரமெடுத்தது, அவ்வளவுதான்.

"தங்கமுத்து, நூற்றைம்பது முடிஞ்சுது. இனி விபத்தெண்டு எழுதலாம். எழுதினா உமக்கு மூண்டு மாசம் சம்பளத்தோட லீவு, மருந்துச் செலவு எல்லாம் வரும். வேலையும் போகாது. எழுதிக்கொண்டு வந்திட்டன். கையெழுத்து மட்டும் வையும்."

"என்ன எழுதினீங்கள்?"

"நூற்றைம்பத்தோராம் நாள் காலமை விழாச் சாமானுகளை அடுக்கேக்க, சப்பாத்துக் கடிச்சு, புண் கிருமி பிடிச்சு, விரல் எடுத்ததெண்டு."

"மண்வெட்டி எண்டு எழுத ஏலாதோ ஐயா?"

"மண்வெட்டி எண்டா நூற்றுப் பதினெட்டாம் நாள். பொலிசில வாழை எண்டு வேற குடுத்திருக்கிறீர். குக்கர் எல்லாத்தையும் திருப்பி வாங்கவேண்டி வரும். அதுகள் சோறு காய்ச்சத் துவங்கியிட்டுதுகள்." கரண்ட் இல்லாத வீடுகள் அதற்குள் அரிசி கொட்டி வைத்திருந்தன. அதை அவர் சொல்லவில்லை.

தங்கமுத்து வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலத் தன் காலைக் குனிந்து பார்த்தாள். வீடு, வாழை, சப்பாத்து: ஒரே காலுக்கு இது மூன்றாவது பொய். கையெழுத்து வைத்தாள். மூன்று மாதம் சம்பளத்தோடு படுத்திருந்தாள். விதி சொன்னபடி ஒன்று நடந்தது என்றால் அது இதுதான், அதுவும் பொய் சொன்னதற்குப் பிறகு.

மேடம் தன் அறிக்கையை முடித்தார். விதிகளால் செலவு நூற்றுக்கு இருபத்திரண்டு கூடியிருந்தது. எங்கே குறைக்கலாம் என்று நேர்மையாகப் பார்த்தார். சப்பாத்து: வாங்கிய செலவு, பூட்டிவைத்த செலவு, காவலாளியின் செலவு, கடிதம் போக்குவரத்து. கடதாசிப்படி அணிந்த நாள் மூன்று. அதனால் தடுக்கப்பட்ட விபத்து ஒன்றும் இல்லை. அதனால் ஏற்பட்ட விபத்து ஒன்று. திட்டம் முழுவதிலும் நடந்த ஒரே விபத்தும் அதுதான். கணக்குச் சரி. எழுத்து வாசித்த எவரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள். வேலையின் இரண்டாம் கட்டத்தில் சப்பாத்து ஆபத்தான பொருள், வேலையாட்கள் அதை அணியக்கூடாது என்று புத்தகத்தில் புது விதி ஏறிற்று.

லீவு முடிந்து தங்கமுத்து தடியூன்றிக்கொண்டு ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தபோது சப்பாத்துகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார்கள், கொழும்புக்குத் திருப்பி அனுப்ப. ஒரு சோடி மட்டும் றாக்கைத் தட்டில் தனியாக இருந்தது. விபத்துக்குக் காரணமான சாமான், விசாரணை முடியும்வரை அனுப்பக்கூடாதாம். புது விதியைக் காசிநாதரே அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

"அப்ப ஏழாம் மைல் கட்டையில இப்ப வெட்டுறதுகள் வெறுங்காலோட வெட்டுதுகள். நான் வைச்ச கையெழுத்தால."

காசிநாதர் கோப்பைத் திறந்து மூடினார்.

"ஐயா, அந்தச் சோடி என்ர காலைக் கடிச்சது. அதை எனக்குத் தாங்கோ."

அவர் யன்னல் பக்கம் திரும்பி வெளித்துறைமுகத்தில் நிற்கிற கப்பலைப் பார்க்கத் தொடங்கினார். அங்கே அன்றைக்குக் கப்பல் ஒன்றும் இல்லை. அவர் திரும்பும்போது றாக்கை வெறுமையாக இருந்தது.

சப்பாத்தோடு இறங்கியவளை அடிவாரச் சாவடியில் மறித்தார்கள். சப்பாத்துப் போட அனுமதி இல்லை என்றான் நின்றவன். தங்கமுத்து இடுப்பிலிருந்து விபத்துப் பத்திரத்தின் பிரதியை எடுத்து நீட்டினாள். மூன்று பிரதியில் ஒன்று. "இந்தச் சப்பாத்துக் கடிச்சுத்தான் என்ர விரல் போனது. அரசாங்கம் சீல் குத்தித் தந்திருக்கு. பாருங்கோ." அவன் சீலைப் பார்த்தான், அவள் நொண்டுவதைப் பார்த்தான், சப்பாத்தைப் பார்த்தான். போ என்று கையைக் காட்டினான். கொழும்புக் கடிதத்துக்கு எட்டு மாசம் காத்திருந்த சப்பாத்து அரை நிமிஷத்தில் சாவடியைத் தாண்டிற்று.

ஏழாம் கட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். புஷ்பவதி றப்பர் செருப்போடு இடுப்பளவு கிடங்குக்குள் நின்றாள். தங்கமுத்து மண்மேட்டில் இருந்து சப்பாத்தைக் கழற்றி உள்ளே போட்டாள்.

"முன்னுக்குச் சீலைத்துண்டை அடைச்சுப்போட்டுக் காலை விடு. கதைக்காத."

புஷ்பவதி செருப்பைக் கழற்றினாள். சொன்னபடி அடைத்துக்கொண்டு போட்டாள். அலியார் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

பத்து மணிக்குக் காசிநாதர் வழமையான சோதனைக்கு வந்தார். கிடங்கோரமாக நடந்தார். வெறுங்கால், செருப்பு, வெறுங்கால், செருப்பு. எல்லாம் விதிப்படி. புஷ்பவதியின் இடத்தில் நின்றார். மண்வெட்டி ஓங்கி இறங்கி, கல்லில் வழுகி, சப்பாத்தின் இரும்பு முனையில் 'டங்' என்று பட்டது. அவள் காலை ஒருதரம் உதறிவிட்டுத் தொடர்ந்து வெட்டினாள்.

காசிநாதர் விதிமீறல் புத்தகத்தைத் திறந்தார். இரண்டு கட்டத்திலும் அதில் ஒரு எழுத்தும் ஏறியிருக்கவில்லை. பேனையின் மூடியைக் கழற்றினார். மண்மேட்டில் இருந்த தங்கமுத்துவைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"எழுதுங்கோ ஐயா," என்றாள் அவள்.

அவர் எழுதினார். தொழிலாளி பெயர்: புஷ்பவதி. குற்றம்: காலில் சப்பாத்து அணிந்திருந்தமை.